காந்தக் கல்லிலிருந்து மின்விளக்கு வரை: ஒரு வரலாற்றுப் பார்வை



நம் பள்ளிவாசலின் விளக்குகள் எரிவதும், மைக்கின் முன் எழும் பாங்கோசை தெருவெங்கும் கேட்பதும், ஒளூச் செய்யும் ஹவுளுக்கு மோட்டார் நீர் இறைப்பதும் மின்சாரத்தால் நடைபெறுகின்றன என்பதை நாம் அறிவோம். ஆயின் இம்மூன்றுக்கும் வேராக நிற்பது ஒரே ஓர் இயற்கை விதி என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. காந்தப்புலம் மாறும்போது, அம்மாற்றத்தின் எல்லைக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் எழும் என்பதே அவ்விதி. மின்காந்தத் தூண்டல் என்னும் பெயரில் நம் பிள்ளைகள் இதனைப் பள்ளியில் பயில்கின்றனர். தேர்வில் இரண்டு வரி எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். அவ்விரண்டு வரிகளை எழுதுவதற்கு மனித குலம் எத்தனை நூற்றாண்டுகள் காத்திருந்தது, யார் யார் உழைத்தனர், யார் யார் வாயில் வரை வந்து திரும்பிச் சென்றனர் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காந்தக் கல்லும் கிப்லாவும்

இரும்பை ஈர்க்கும் ஒருவகைக் கருங்கல் உண்டு என்பதைப் பண்டைய கிரேக்கரும் சீனரும் இந்தியரும் அறிந்திருந்தனர். அக்கல்லால் தேய்க்கப்பட்ட ஊசி வடக்கு, தெற்குத் திசைகளைக் காட்டும் என்னும் செய்தியைத் தெளிவாக எழுதி வைத்தவர்களுள் முற்பட்டவர் சீன அறிஞர் ஷென் குவோ. 1088ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய நூலில், ஊசி மிகச் சரியாகத் தெற்கைக் காட்டாமல் சற்றே கிழக்கே விலகி நிற்பதையும் குறித்துள்ளார்.

அரபு மொழியில் திசைகாட்டி பற்றிக் கிடைக்கும் தொன்மையான குறிப்புகளுள் ஒன்று பைலக் அல்-கிப்ஜாகி எழுதியது. 1282ஆம் ஆண்டு அவர் இயற்றிய ‘கன்ஸ் அத்-துஜ்ஜார்’ என்னும் நூலில், சிரியாவின் திரிப்போலியிலிருந்து அலெக்சாந்திரியாவுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாம் மேற்கொண்ட கடற்பயணத்தில், மாலுமிகள் நீரில் மிதக்கவிட்ட காந்த ஊசியைக் கொண்டு திசை அறிந்ததைக் கண்டதாக எழுதியுள்ளார். இந்தியக் கடல்களில் செல்லும் கப்பல் தலைவர்கள், ஊசிக்குப் பதிலாக மீன் வடிவில் செய்த உள்ளீடற்ற இரும்புத் தகட்டைப் பயன்படுத்தினர் என்னும் செய்தியும் அதில் உள்ளது. யமன் நாட்டை ஆண்ட ரசூலித் மரபினரான அல்-அஷ்ரஃப் உமர், 1290ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் நீர்க்கிண்ணத் திசைகாட்டியின் அமைப்பை விவரித்து, அதனைக் கொண்டு கிப்லாவை அறியும் முறையையும் கூறியுள்ளார். மன்னராகவும் வானியல் அறிஞராகவும் விளங்கியவர் அவர்.

இங்கு ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். திசைகாட்டி பரவுவதற்கு முன்னரே முஸ்லிம் அறிஞர்கள் சூரியன், விண்மீன்கள், கோளக் கணிதம் ஆகியவற்றைக் கொண்டு கிப்லாவைக் கணித்து வந்தனர். 11ஆம் நூற்றாண்டில் அல்-பிரூனி, கஸ்னா நகரின் கிப்லாவைக் கணிப்பதற்கென்றே ஊர்களின் இருப்பிட அளவைகளை ஆராய்ந்து நூல் செய்தார். காந்த ஊசி அவர்களின் கணிதத்தை அகற்றவில்லை. அதற்குத் துணை செய்தது. காரணம், ஊசி காட்டுவது புவியின் காந்த வடக்கை. உண்மையான வடக்கை அன்று. இவ்விரண்டிற்கும் இடையிலான கோணம் ‘காந்த ஒதுக்கம்’ எனப்படும். அது இடத்துக்கு இடம் வேறுபடும். ஆண்டுகள் செல்லச் செல்ல மாறவும் செய்யும். தமிழகத்தில் அது மிகச் சிறிய அளவினதே. ஆயினும் வேறு நாடுகளுக்குச் செல்லும் நம் சகோதரர்கள் இதனைக் கருத்திற் கொள்வது நன்று. இன்று கைபேசியில் கிப்லா காட்டும் செயலிகளும், கைபேசிக்குள் இருக்கும் காந்த உணரியையே நம்பியுள்ளன. இரும்புக் கம்பிச் சாளரம், பீரோ, ஒலிபெருக்கி ஆகியவற்றின் அருகில் வைத்துப் பார்த்தால் அவை தவறான திசையைக் காட்டக்கூடும்.

ஊசி ஏன் திசை காட்டுகிறது? துருவ விண்மீன் அதனை இழுக்கிறது என்று சிலரும், வடகடலில் காந்தமலை இருக்கிறது என்று சிலரும் நம்பினர். 1269ஆம் ஆண்டு பிரான்சு நாட்டைச் சேர்ந்த பெத்ரூஸ் பெரகிரினூஸ் ஒரு காந்தக் கல்லின் இரு துருவங்களையும் ஆய்ந்து, கல்லை உடைத்தால் ஒவ்வொரு துண்டும் இரு துருவமுள்ள தனிக் காந்தமாகிறது என்று எழுதினார். 1600ஆம் ஆண்டு ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பர்ட், கோள வடிவில் காந்தக் கல்லைச் செதுக்கி அதன்மீது சிறு ஊசிகளை வைத்துச் சோதித்து, நாம் வாழும் புவியே ஒரு பெருங்காந்தம் என்னும் முடிவை வெளியிட்டார். செவிவழிக் கதைகளுக்குப் பதில் சோதனையை முன்னிறுத்திய நூலாக அது இன்றும் மதிக்கப்படுகிறது.

இரண்டு ஒன்றான கதை

கில்பர்ட்டுக்குப் பின் இருநூறு ஆண்டுகள், காந்தமும் மின்சாரமும் தொடர்பற்ற இரு பொருள்களாகவே கருதப்பட்டன. 1800ஆம் ஆண்டு இத்தாலிய அறிஞர் வோல்ட்டா மின்கல அடுக்கைச் செய்து காட்டினார். தொடர்ந்து ஓடும் மின்னோட்டம் முதன்முதலாக ஆய்வாளர்களின் கைக்கு வந்தது. இதன்பின் இருபது ஆண்டுகளில் பெருந்திருப்பம் நிகழ்ந்தது.

1820ஆம் ஆண்டு கோபன்ஹேகன் நகரில் பேராசிரியர் ஆயர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகில் இருந்த காந்த ஊசி அசைவதைக் கண்டார். அவ்வாண்டு ஜூலை 21ஆம் நாள் நான்கு பக்கமே கொண்ட இலத்தீன் மொழி அறிக்கை ஒன்றை வெளியிட்டார். மின்சாரம் காந்தத் தன்மையை உண்டாக்குகிறது என்பது அதன் சாரம். செய்தி ஐரோப்பா முழுவதும் விரைந்து பரவியது. செப்டம்பரில் பாரிசில் அதனைக் கேள்வியுற்ற ஆம்பியர், சில நாள்களிலேயே புதிய சோதனைகளைச் செய்து, ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் இரு இணைகம்பிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதையும், எதிர்த்திசையில் பாய்ந்தால் விலக்குவதையும் காட்டினார். 1825ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டர்ஜன் என்பார், இரும்பின்மீது கம்பியைச் சுற்றி மின்காந்தம் செய்தார்.

மின்சாரத்தால் காந்தம் உண்டாகிறது எனில், காந்தத்தால் மின்சாரம் உண்டாகாதா? இக்கேள்வி அக்காலத்து அறிஞர் பலரின் உள்ளத்திலும் எழுந்தது. விடை கிடைக்கப் பதினோர் ஆண்டுகள் ஆயின. திறமையற்றவர்கள் தேடியதால் ஏற்பட்ட தாமதம் அன்று அது. தேடியவர்கள் எல்லாரும் ஒரே தவறான எதிர்பார்ப்புடன் தேடினர். கம்பியில் மின்னோட்டம் நிலையாகப் பாயும்போது காந்தத் தன்மையும் நிலையாக இருக்கிறது. ஆதலின் நிலையான காந்தத்தை அருகில் வைத்தால் கம்பியில் நிலையான மின்னோட்டம் பாயும் என்று அவர்கள் எண்ணினர். வலிமை மிக்க காந்தங்களைச் சுருள்களின் அருகில் வைத்துக் காத்திருந்தனர். ஊசி அசையவில்லை.

வாயில் வரை வந்தவர்கள்

1822ஆம் ஆண்டு ஜெனிவா நகரில் ஆம்பியரும் அகுஸ்ட் த லா ரீவும் செய்த ஒரு சோதனையில், தூண்டப்பட்ட மின்னோட்டத்தின் அறிகுறி தென்பட்டது. ஆயின் ஆம்பியர் அப்போது வேறொரு கொள்கையை நிறுவுவதில் மூழ்கியிருந்தமையால், அதனைப் பின்தொடரவில்லை. 1824ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் அரகோ, சுழலும் செம்புத் தகட்டின்மேல் தொங்கும் காந்த ஊசி தானும் சுழல்வதைக் காட்டினார். செம்பைக் காந்தம் ஈர்ப்பதில்லை. பின் ஊசி ஏன் சுழன்றது? எவராலும் விளக்க இயலவில்லை.

ஜெனிவாவின் கொலாடோன் என்பாரின் கதை நெஞ்சைத் தொடுவது. 1825ஆம் ஆண்டு அவர் ஒரு பெரிய கம்பிச்சுருளில் வலிமை மிக்க காந்தத்தைச் செலுத்தினார். காந்தத்தின் நேரடித் தாக்கம் கால்வனாமீட்டரின் ஊசியைக் குழப்பிவிடக் கூடாது என்னும் எச்சரிக்கையால், அக்கருவியை வேறோர் அறையில் வைத்து நீண்ட கம்பிகளால் இணைத்திருந்தார். காந்தத்தைச் செலுத்திவிட்டு அடுத்த அறைக்கு நடந்து சென்று பார்த்தார். ஊசி அசையாமல் நின்றது. அவர் நடந்து சென்ற அந்தச் சில விநாடிகளுக்குள் ஊசி அசைந்து, ஆடி, ஓய்ந்திருந்தது. ஊசியின் அருகில் நிற்க ஒரு துணையாள் இருந்திருந்தால், இக்கண்டுபிடிப்பு ஆறு ஆண்டுகள் முன்னதாகவே அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கும்.

புத்தகம் கட்டும் கடையிலிருந்து

விடையைக் கண்டவர் மைக்கேல் ஃபாரடே. 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டன் நகரை ஒட்டிய பகுதியில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். தந்தை நோயாளி, குடும்பம் வறுமையில் வாடியது. எழுத, படிக்க, சிறிது கணக்கிடக் கற்றதோடு அவருடைய பள்ளிப்படிப்பு முடிந்தது. ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் முதலில் ஏவல் சிறுவனாகவும், 1805ஆம் ஆண்டு முதல் ஏழாண்டுகள் புத்தகம் கட்டும் தொழில் பழகுபவராகவும் இருந்தார்.

கட்டுவதற்கு வந்த நூல்களை அச்சிறுவர் படித்தார். கலைக்களஞ்சியத்தின் மின்சாரம் பற்றிய பகுதியும், ஜேன் மார்செட் என்னும் பெண்மணி எளிய உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூலும் அவருடைய உள்ளத்தைக் கவர்ந்தன. படித்ததைச் சோதித்துப் பார்க்கக் கடை உரிமையாளர் தடை சொல்லவில்லை. நகரில் நடந்த மாலைநேர அறிவியல் சொற்பொழிவுகளைக் கேட்க ஒரு ஷில்லிங் கட்டணம் வேண்டும். அதனைக் கொல்லராக உழைத்த அண்ணன் இராபர்ட் கொடுத்தார். 1812ஆம் ஆண்டு கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், இராயல் இன்ஸ்டிடியூஷனில் புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டுகளை அளித்தார். ஃபாரடே நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, படங்களுடன் அழகாக எழுதித் தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூட உதவியாளராக அமர்த்தப்பட்டார்.

உள்ளே நுழைந்ததோடு தடைகள் நீங்கிவிடவில்லை. டேவியுடன் ஐரோப்பியப் பயணம் சென்றபோது, பணியாளரைப் போலவே நடத்தப்பட்டார். 1821ஆம் ஆண்டு செப்டம்பரில், பாதரசக் கிண்ணத்தில் காந்தத்தைச் சுற்றி மின்னோட்டம் பாயும் கம்பி இடைவிடாது சுழலும்படி செய்து காட்டினார். இன்றைய மின்மோட்டாரின் முன்னோடி அது. ஆயின், அதே பொருள் பற்றி முன்னர்ச் சிந்தித்திருந்த வொலாஸ்டன் என்னும் மூத்த அறிஞரின் பெயரைக் குறிப்பிடாமல் அறிக்கையை வெளியிட்டதாக அவர்மீது பழி எழுந்தது. இராயல் சொசைட்டியின் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, அதன் தலைவராக இருந்த ஆசான் டேவியே எதிர்த்தார். 1824ஆம் ஆண்டு ஜனவரியில், ஒரேயொரு எதிர் வாக்குடன் ஃபாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசானைப் பழித்து அவர் பேசவில்லை. டேவியிடம் கற்றதை வாழ்நாள் முழுவதும் நன்றியுடனேயே நினைவுகூர்ந்தார்.

காந்தத்தை மின்சாரமாக மாற்ற வேண்டும் என்னும் குறிக்கோளை 1822ஆம் ஆண்டளவிலேயே அவர் தம் குறிப்பேட்டில் பதிந்திருந்தார். 1824, 1825, 1828 ஆண்டுகளில் செய்த சோதனைகள் பயன் தரவில்லை. இடையில் ஒளியியல் கருவிகளுக்கான கண்ணாடியை மேம்படுத்தும் பணியில் பல ஆண்டுகள் கழிந்தன. அப்பணியிலிருந்து விடுபட்ட பின், 1831ஆம் ஆண்டில் மீண்டும் பழைய வினாவுக்குத் திரும்பினார்.

1831: மூன்று நாள்கள், மூன்று சோதனைகள்

ஆகஸ்ட் 29. தேனிரும்பால் ஆன ஒரு வளையம். வெளி விட்டம் 6 அங்குலம். அதன் ஒரு பாதியில் செம்புக் கம்பியைச் சுற்றினார். எதிர்ப் பாதியில் மற்றொரு கம்பியைச் சுற்றினார். அக்காலத்தில் காப்பிட்ட கம்பி கடையில் கிடைப்பதில்லை. சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதபடி நூலையும் துணியையும் இடையிட்டுக் கையாலேயே சுற்றினார். இரண்டாம் சுருளின் கம்பியை மூன்று அடி தொலைவில் இருந்த காந்த ஊசியின்மேல் செல்லுமாறு அமைத்தார். முதற்சுருளை மின்கல அடுக்குடன் இணைத்தார். ஊசி துள்ளியது, ஆடியது, பழைய நிலைக்கே திரும்பி நின்றது. மின்கலத்துடனான இணைப்பைத் துண்டித்தார். ஊசி மீண்டும் துள்ளியது. இடையில் மின்னோட்டம் நிலையாகப் பாய்ந்த நேரம் முழுவதும் ஊசியில் அசைவே இல்லை.

அக்டோபர் 17. வெற்றுக் காகிதக் குழலின்மேல் சுற்றிய கம்பிச்சுருள்; எட்டரை அங்குல நீளமுள்ள சட்டக் காந்தம். காந்தத்தைக் குழலுக்குள் விரைந்து செலுத்தியபோது கால்வனாமீட்டரின் ஊசி ஒருபுறம் விலகியது. உள்ளேயே வைத்திருந்தபோது ஓய்ந்தது. வெளியே இழுத்தபோது மறுபுறம் விலகியது. இச்சோதனையில் மின்கலமே இல்லை. காந்தமும் கம்பியும் கையின் அசைவும் மட்டுமே மின்சாரத்தைத் தந்தன.

அக்டோபர் 28. இராயல் சொசைட்டிக்குச் சொந்தமான பெருங்காந்தத்தின் துருவங்களுக்கு இடையே, 12 அங்குல விட்டமுள்ள செம்புத் தகட்டைச் சுழற்றினார். தகட்டின் அச்சையும் விளிம்பையும் தொட்ட கம்பிகளில், சுழற்சி தொடரும் வரை மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தது. உலகின் முதல் மின்னியற்றி அதுவே. அரகோவின் புதிரும் அவிழ்ந்தது. சுழலும் செம்பில் காந்தத்தால் மின்னோட்டம் எழுகிறது. அம்மின்னோட்டத்தின் காந்தப்புலமே ஊசியை உடனிழுத்துச் செல்கிறது. முன்னர் நம் வீடுகளில் அலுமினியத் தகடு சுழலும் மின் மீட்டர்கள் இருந்தன அல்லவா? அவற்றின் அடிப்படையும் இதுவே.

நவம்பர் 24ஆம் நாள் இம்முடிவுகள் இராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டன.

‘மாற்றம்’ என்னும் திறவுகோல்

மற்றவர்கள் காணாத எதனை ஃபாரடே கண்டார்? அவர்கள் பயன்படுத்திய பொருள்களைத்தாம் அவரும் பயன்படுத்தினார். ஆயின் கணநேரம் தோன்றி மறைந்த அசைவைக் கருவியின் பிழை என்று அவர் ஒதுக்கவில்லை. அதுவே இயற்கை கூறும் விடை என்று கொண்டார். காந்தம் இருப்பதால் மின்சாரம் பிறப்பதில்லை. காந்தப்புலம் மாறுவதால் பிறக்கிறது. மாற்றம் விரைவானால் மின்னழுத்தம் மிகும், மெதுவானால் குறையும், மாற்றம் நின்றால் அதுவும் நின்றுவிடும். சுருளில் சுற்றுகளைக் கூட்டினால் அதற்கேற்ப மின்னழுத்தமும் கூடும்.

இதே உண்மையை அமெரிக்காவின் ஆல்பனி நகரில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றியும் தனியே கண்டறிந்தார். அவரும் வறிய குடும்பத்தில் பிறந்து, இளமையில் கடிகாரத் தொழில் பழகியவர். கற்பிக்கும் பணி மிகுதியால் விடுமுறை நாள்களில்தான் ஆய்வு செய்ய முடிந்தது. அவருடைய கட்டுரை 1832ஆம் ஆண்டு வெளிவருவதற்குள் ஃபாரடேயின் அறிக்கை உலகை அடைந்துவிட்டது. எனினும் ஒரு சுருளில் ஏற்படும் மாற்றம் அதே சுருளிலும் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்னும் தன்தூண்டலை முதலில் வெளியிட்ட பெருமை ஹென்றிக்கு உரியது. அத்தன்மையை அளக்கும் அலகு இன்று அவர் பெயரால் ‘ஹென்றி’ என வழங்குகிறது.

தூண்டப்படும் மின்னோட்டம் எத்திசையில் பாயும்? 1834ஆம் ஆண்டு இரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஹைன்ரிக் லென்ஸ் இதற்கு விடை தந்தார். எந்த மாற்றத்தால் மின்னோட்டம் பிறந்ததோ, அம்மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே அது பாயும். சுருளுக்குள் காந்தத்தைத் தள்ளினால் சுருள் அதனை வெளியே தள்ள முயலும். வெளியே இழுத்தால் உள்ளே இழுக்க முயலும். ஆதலால் மின்சாரம் இலவசமாகக் கிடைப்பதில்லை. சுழற்றுபவர் எதிர்ப்பை வென்று உழைக்க வேண்டும். அவ்வுழைப்பே மின்னாற்றலாக மாறுகிறது. மிதிவண்டியின் டைனமோவைச் சக்கரத்தோடு பொருத்தியதும் மிதிப்பது கடினமாவதை நம்மில் மூத்தோர் பலரும் கால்களாலேயே உணர்ந்துள்ளோம். எரிபொருளின்றி ஓடும் மின்னியற்றி என்று கூறி முதலீடு கேட்டு வருவோரிடம் ஏமாறாதிருக்க, இவ்வொரு விதியை அறிந்திருந்தாலே போதும்.

ஃபாரடேக்கு உயர்கணிதம் தெரியாது. இரும்புத்தூள் காந்தத்தைச் சுற்றி வரிவரியாக அமைவதைக் கண்டு, வெற்றிடத்திலும் காந்த விசைக்கோடுகள் நிறைந்துள்ளன என்று கற்பனை செய்தார். கணித வல்லுநர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர் பொருட்படுத்தினார். அக்கற்பனைக்குக் கணித வடிவம் தந்து, மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று தூண்டியவாறு அலையாகப் பரவும் என்றும், ஒளியே அத்தகைய அலை என்றும் 1860களில் நிறுவினார். 1887, 1888 ஆண்டுகளில் ஹெர்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் அவ்வலைகளை உண்டாக்கிக் காட்டினார். வானொலியும் தொலைக்காட்சியும் கைபேசியும் அதிலிருந்து வந்தவையே.

வளையம் மின்மாற்றியானது

1832ஆம் ஆண்டிலேயே பாரிசில் பிக்ஸி என்னும் கருவி செய்வோர், கையால் சுழற்றும் மின்னியற்றியைச் செய்தார். 1858ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சவுத் ஃபோர்லாண்ட் கலங்கரை விளக்கத்தில் காந்த மின்னியற்றியால் விளக்கு எரியவிட்டுச் சோதித்தனர். கலங்கரை விளக்கங்களின் அறிவியல் ஆலோசகராக இருந்த முதியவர் ஃபாரடே, தம் கண்டுபிடிப்பு கப்பல்களுக்கு வழிகாட்டுவதைத் தம் கண்ணாலேயே கண்டார். 1867ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் அவர் மறைந்தார். இராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி இருமுறை தேடி வந்தும் அவர் ஏற்கவில்லை.

அவருடைய முதல் சோதனையின் இரும்பு வளையம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் புதுப் பொலிவு பெற்றது. மின்சாரத்தைத் தொலைவுக்கு அனுப்பும்போது கம்பி சூடாகி ஆற்றல் வீணாகும். இவ்வீண் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னழுத்தத்தை நூறு மடங்கு உயர்த்தினால், அதே ஆற்றலை அனுப்ப நூறில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். வீணாவது பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். மின்னழுத்தத்தை இவ்வாறு உயர்த்தவும் தாழ்த்தவும் உதவுவது மின்மாற்றி. ஓர் இரும்பு உள்ளகம், அதன்மேல் சுற்றுகளின் எண்ணிக்கை வேறுபட்ட இரு சுருள்கள்: இது ஃபாரடேயின் வளையமே. 1885ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரப் பொறியாளர் மூவர் இதனை நடைமுறைக்கு உகந்த வடிவில் செய்தனர். நேர்மின்னோட்டத்தில் மாற்றம் இல்லாமையால் மின்மாற்றி அதில் இயங்காது. நம் வீடுகளுக்கு மாறுதிசை மின்னோட்டம் வருவதன் தலையாய காரணங்களுள் இது ஒன்று.

இந்தியாவில் 1897ஆம் ஆண்டு டார்ஜிலிங்கில் நீர்மின் நிலையம் தொடங்கியது. 1902ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து, தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் உழைத்த கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் சென்றது. நீலகிரியின் பைக்காரா மின்நிலையம் 1932ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. நெய்வேலியில் நிலக்கரி எரிந்தாலும், மேட்டூரில் நீர் விழுந்தாலும், கூடங்குளத்தில் அணு பிளந்தாலும், முப்பந்தலில் காற்று வீசினாலும் இறுதியில் நடப்பது ஒன்றே: காந்தமும் சுருளும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுழல்கின்றன. சூரிய ஒளித் தகடுகள் மட்டுமே இதற்கு விலக்கு.

நாம் பெறும் படிப்பினை

ஃபாரடேயின் கதையைத் தனிமனிதர் ஒருவரின் மேதைமை என்று மட்டும் கூறிக் கடந்துவிடலாகாது. படிக்கத் தடை சொல்லாத கடை முதலாளி, ஒரு ஷில்லிங் கொடுத்த அண்ணன், கையிலிருந்த அனுமதிச் சீட்டுகளை வழங்கிய வாடிக்கையாளர், ஏழைக்கும் எட்டும்படி நடந்த மாலைநேரச் சொற்பொழிவு: இந்நான்கில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் புத்தகம் கட்டுபவராகவே வாழ்ந்து மறைந்திருக்கக்கூடும். இதனை உணர்ந்தவராதலால்தான், இராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825ஆம் ஆண்டு தொடங்கிய சிறுவர்களுக்கான சொற்பொழிவுகளைப் பின்னர்த் தாமே பத்தொன்பது ஆண்டுகள் நடத்தினார். அவை இன்றும் தொடர்கின்றன.

நம் ஊர்களின் கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைகளைக் காண்கிறோம். படிப்பை இடையில் நிறுத்திய நம் பிள்ளைகள் சிலர் அங்கே அமர்ந்து, செம்புக் கம்பியைச் சுற்றெண்ணிக்கை பிசகாமல் சுற்றுகின்றனர். ஃபாரடே தம் கையால் செய்த அதே வேலையை, அவரினும் நேர்த்தியாகச் செய்கின்றனர். எத்தனை சுற்று என்பது அவர்களுக்குத் தெரியும். ஏன் அத்தனை சுற்று என்பதை எவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. அந்த ‘ஏன்’ என்பதைச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆசிரியரும், மாலையில் ஒரு மணி நேரமும், கரும்பலகையும், சில காந்தங்களும், ஒரு கால்வனாமீட்டரும் போதும். இதற்கு ஆகும் செலவு ஒரு விருந்துச் சோற்றின் செலவினும் குறைவு.

நம் ஜமாஅத்தின் கல்விப் பணிகளில் இதற்கும் ஓர் இடம் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். மதரஸாக் கட்டடத்தில் மாலையில் பூட்டியிருக்கும் ஓர் அறையைத் திறந்து, அறிவியல் நூல்களை வைத்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் பட்டறைப் பிள்ளைகளையும் ஒன்றாக அமர்த்த முடியும். நம்மிடையே பொறியாளர்கள் இருக்கிறார்கள்; ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மின்வாரியத்தில் பணிபுரிந்தோரும் இருக்கிறார்கள். வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் தர அவர்கள் முன்வர வேண்டும். பணியாளரை மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாக அனுப்பப் பட்டறை உரிமையாளர்களும் மனம் கொள்ள வேண்டும்.

கொலாடோனின் சோதனையில் எல்லாம் இருந்தன; ஊசியின் அருகில் நிற்க ஓர் ஆள் மட்டும் இல்லை. நம் பிள்ளைகளின் அருகிலும் அவ்வாறு ஓர் ஆள் நிற்க வேண்டிய தருணம் இது.